உள்ளாட்சி விலங்குக் கட்டுப்பாட்டுப் பணிகள்

ஓர் ஊரின் தெருக்களிலும் பொது இடங்களிலும் திரியும் நாய், மாடு முதலிய விலங்குகளால் மக்களுக்கு ஏற்படும் நோய், கடி, விபத்து ஆகியவற்றைக் குறைக்கவும், அந்த விலங்குகள் கொடுமைக்கு உள்ளாகாமல் காக்கவும் உள்ளாட்சி அமைப்பு மேற்கொள்ளும் பணிகளே விலங்குக் கட்டுப்பாட்டுப் பணிகள் எனப்படுகின்றன. இந்தியாவில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஆகியவை இப்பொறுப்பை ஏற்றுள்ளன. நாய் பிடிக்கும் வண்டியே பொதுமக்கள் கண்ணில் படும் அடையாளம் என்றாலும், கணக்கெடுப்பு, கருத்தடை அறுவை, தடுப்பூசி, வளர்ப்பு உரிமம், குப்பை அகற்றல், கடிபட்டவருக்கான மருத்துவம் ஆகிய பல பணிகள் ஒன்றோடொன்று இணைந்தால்தான் இது பயன் தரும்.

இந்தப் பணியில் பெரும்பகுதி தெருநாய்களைச் சார்ந்தது. 2019இல் எடுக்கப்பட்ட 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 1.53 கோடி தெருநாய்களும் சுமார் 50 லட்சம் தெருமாடுகளும் இருந்தன. நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரப்படி 2024ஆம் ஆண்டில் மட்டும் 37 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்க்கடி நிகழ்வுகள் நாடு முழுவதும் பதிவாயின. இக்கட்டுரை, சென்னையை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இப்பணிகள் எவ்வாறு நடைபெறுகின்றன, எப்போது பலன் தருகின்றன, எப்போது பலனற்றுப் போகின்றன என்பதை விளக்குகிறது.

பணிகளின் எல்லை

உள்ளாட்சியின் விலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவு பொதுவாகக் கீழ்க்கண்ட பணிகளைச் செய்கிறது.

1. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுதல்.
2. வெறிநோய் அறிகுறியுள்ள நாய்களைப் பிடித்துத் தனிமைப்படுத்துதல்.
3. வீட்டு நாய், பூனைகளுக்கு வளர்ப்பு உரிமம் வழங்குதல்.
4. சாலைகளில் திரியும் மாடுகளைப் பிடித்து அடைத்து, உரிமையாளரிடம் அபராதம் வசூலித்தல்.
5. பொது இடங்களில் இறந்து கிடக்கும் விலங்குகளை அகற்றுதல்.
6. நாய்க்கடி, தெருமாடு பற்றிய புகார்களைப் பெற்று நடவடிக்கை எடுத்தல். சென்னையில் இதற்கு 1913 என்ற மாநகராட்சித் தொலைபேசி எண் உள்ளது.

எல்லா விலங்குகளும் உள்ளாட்சியின் பொறுப்பில் வருவதில்லை. வீட்டுக்குள் பாம்பு நுழைந்தால் தமிழ்நாட்டில் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையையோ வனத்துறையையோ அழைக்க வேண்டும். யானை, சிறுத்தை போன்ற காட்டு விலங்குகள் வனத்துறையின் பொறுப்பு. எந்த விலங்குக்கு எந்த அலுவலகம் என்று தெரியாமல் புகார்கள் அங்குமிங்கும் அலைவது உண்டு.

சட்ட அடிப்படை

1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசமைப்புத் திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளைப் பட்டியலிடும் அந்த அட்டவணையில், கால்நடைகளை அடைக்கும் பட்டிகளும் விலங்குகள் மீதான கொடுமையைத் தடுத்தலும் ஒரே இனமாக இடம்பெற்றுள்ளன. விலங்குகளிடமிருந்து மக்களைக் காப்பதும், மக்களிடமிருந்து விலங்குகளைக் காப்பதும் ஒரே அலுவலகத்தின் வேலை என்பதை இது காட்டுகிறது. உயிருள்ள அனைத்தின் மீதும் இரக்கம் காட்டுவது குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்று என அரசமைப்பின் 51அ பிரிவும் கூறுகிறது.

1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இத்துறையின் மையச் சட்டம். இச்சட்டத்தின் 11ஆவது பிரிவு விலங்குகளை அடிப்பது, பட்டினி போடுவது, கைவிடுவது ஆகியவற்றைக் குற்றம் என்கிறது. ஆனால் அதே பிரிவு, தெருநாய்களை அதற்கென அமைந்த அறைகளில் கொல்வதைக் குற்றமல்ல என்றும் விலக்கு அளிக்கிறது. கொல்லலாமா கூடாதா என்ற வழக்குகள் பல ஆண்டுகளாக நீதிமன்றங்களில் நடந்ததற்கு இந்த விலக்கும் ஒரு காரணம்.

இச்சட்டத்தின் கீழ் 2001இல் நாய்களுக்கான இனக்கட்டுப்பாட்டு விதிகள் வெளியாயின. கருத்தடையும் தடுப்பூசியுமே வழி என்பதை அவை நாடு முழுவதற்கும் நெறிமுறை ஆக்கின. அவற்றுக்குப் பதிலாக 2023 மார்ச்சில் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்தன. இவ்விதிகளின்படி பணியை நடத்தும் பொறுப்பு உள்ளாட்சியுடையது. தன் பணியாளர்களைக் கொண்டோ, இந்திய விலங்குகள் நல வாரியத்தின் ஏற்பு பெற்ற அமைப்பைக் கொண்டோ அது செய்யலாம். ஏற்பு பெறாத அமைப்பிடம் பணியை ஒப்படைக்கக் கூடாது.

மாடுகளுக்கு இதைவிடப் பழைய சட்டம் உண்டு. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், பயிரையோ பொது இடத்தையோ சேதப்படுத்தும் மாடுகளைப் பிடித்து அடைக்கும் பட்டிகளை ஏற்படுத்தியது. கிராமங்களில் ‘பவுண்டு’ என்று வழங்கும் அடைப்பிடம் இச்சட்டத்தின் வழியே வந்த பெயர்.

ரேபிஸ்: பணியின் மையக் காரணம்

குரைத்தல், துரத்துதல், சாலை விபத்து எனத் தெருநாய்கள் பற்றிய புகார்கள் பல வகைப்படும். ஆயினும் அரசுகள் பணம் செலவிட்டு நாய்களைக் கட்டுப்படுத்துவதற்கு முதற்காரணம் ரேபிஸ் எனும் வெறிநோயே. உலகில் ஆண்டுதோறும் சுமார் 59,000 பேர் இந்நோயால் இறக்கின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனம் குறிப்பிடும் மதிப்பீடு. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் நிகழ்கிறது. மனிதருக்கு வரும் ரேபிஸில் 99 விழுக்காடு வரை நாய்கள் மூலமே வருகிறது. இறப்போரில் பெரும்பாலோர் ஏழைகள், குழந்தைகள் மிகுதி.

நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருக்கும் வைரஸ் கடிகாயம் வழியே உடலில் புகுந்து, நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. இப்பயணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். சில நேரங்களில் ஒரு வாரமாகவோ ஓராண்டாகவோ இருக்கலாம். தலை, முகம், கழுத்து ஆகிய இடங்களில் கடிபட்டால் மூளைக்குள்ள தொலைவு குறைவு என்பதால் ஆபத்து அதிகம். உயரம் குறைந்த குழந்தைகளுக்கு இவ்விடங்களிலேயே கடி விழ வாய்ப்புள்ளது. மூளையை அடைந்து அறிகுறிகள் தோன்றிவிட்டால் நோயாளி பிழைப்பது ஏறத்தாழ இயலாது. அதற்கு முன் உரிய காலத்தில் தடுப்பூசி போட்டால் ஏறத்தாழ எல்லோரையும் காப்பாற்றலாம்.

நாய் கடித்தால் செய்ய வேண்டியவை:

- காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். இது வைரஸின் அளவைப் பெரிதும் குறைக்கிறது.
- மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது.
- அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களிலும் ஊசி போடப்படுகிறது.
- தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிக்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் எனும் எதிர்ப்பு மருந்தும் காயத்தைச் சுற்றிச் செலுத்தப்பட வேண்டும்.
- கடித்த நாயை 10 நாள்கள் கவனிக்க வேண்டும். உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படும் நிலையிலுள்ள நாய் இக்காலத்துக்குள் நோயுற்று இறந்துவிடும். ஆனால் நாயின் நிலை தெரியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. இத்துறையில் தமிழ்நாட்டுக்கு ஒரு நீண்ட தொடர்பும் உண்டு. 1907இல் நீலகிரி மாவட்டம் குன்னூரில் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனம், தென்னிந்தியாவில் வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கும் தடுப்பூசி உற்பத்திக்கும் முதன்மை இடமாக விளங்கியது. விலங்கின் நரம்புத் திசுவிலிருந்து செய்யப்பட்டு வயிற்றில் போடப்பட்ட பழைய ஊசிகள் நாட்டில் 2004ஆம் ஆண்டுடன் கைவிடப்பட்டன. வயிற்றில் பல ஊசிகள் போடுவார்கள் என்ற அச்சத்தால் இன்றும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர் இருக்கின்றனர். அந்த அச்சத்துக்கு இன்று காரணமில்லை.

மனிதருக்குத் தடுப்பூசி போடுவது ஓர் உயிரைக் காக்கும். ஆனால் நோய் நாய்களிடையே சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போடப்பட்டால், நோயுற்ற நாய் கடிப்பதற்கு நோய் தொற்றக்கூடிய வேறு நாய் எளிதில் கிடைக்காமல், பரவும் சங்கிலி அறுந்துவிடுகிறது. நாய்க் கட்டுப்பாட்டுப் பணி ஒரு பொது சுகாதாரப் பணி ஆவது இதனால்தான்.

கொல்லும் முறையிலிருந்து கருத்தடை முறைக்கு

சென்னையில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்திலேயே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிவிட்டது. நூறாண்டுகளுக்கும் மேலாக ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நாய்கள் கொல்லப்பட்டும் நாய்களும் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை.

1959இல் கேப்டன் வி. சுந்தரம் சென்னையில் தொடங்கிய ‘புளூ கிராஸ் ஆஃப் இந்தியா’ எனும் விலங்கு நல அமைப்பு, 1960களிலேயே கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யும் முறையை முன்வைத்தது. அவருடைய மகன் எஸ். சின்னி கிருஷ்ணா இம்முறையைத் தொடர்ந்து வலியுறுத்திவந்தார். நீண்ட முயற்சிக்குப் பின் 1996இல் சென்னை மாநகராட்சி கொல்லும் முறையைக் கைவிட்டுக் கருத்தடை முறையை ஏற்றது. ஐந்தாண்டுகள் கழித்து 2001 விதிகள் அதையே நாடு முழுவதற்கும் நெறிமுறையாக்கின.

கொல்லும் முறை தோற்றதற்குக் காரணங்கள் எளியவை. ஒரு தெருவில் எத்தனை நாய்கள் வாழ முடியும் என்பதை அங்கு கிடைக்கும் உணவும் ஒதுங்கும் இடமும் முடிவு செய்கின்றன. பத்து நாய்களை அகற்றினாலும் குப்பைத்தொட்டியும் இறைச்சிக்கடைக் கழிவும் அப்படியே இருக்கும். எஞ்சிய நாய்களின் குட்டிகளுக்கு உணவு தாராளமாகக் கிடைப்பதால் அவை அதிகம் பிழைக்கும். அடுத்த தெரு நாய்களும் வந்து சேரும். எளிதில் பிடிபடுபவை மனிதரோடு பழகிய, பெரும்பாலும் தடுப்பூசி பெற்ற நாய்கள். அவை போய், அஞ்சி ஒளியும் நாய்கள் எஞ்சும். இதனால் தடுப்பூசி பெற்ற நாய்களின் விகிதம் குறைந்து, நோய் பரவ மேலும் வழி ஏற்படுகிறது.

பிடிப்பதிலிருந்து விடுவது வரை

சென்னையில் புளியந்தோப்பு, லாயிட்ஸ் காலனி, கண்ணம்மாப்பேட்டை போன்ற இடங்களில் மாநகராட்சியின் நாய் இனக்கட்டுப்பாட்டு மையங்கள் உள்ளன. ஒரு நாய் அங்கு கடந்துசெல்லும் படிநிலைகள் வருமாறு.

பிடித்தல்: பயிற்சி பெற்ற பணியாளர்கள் வலை வீசியோ கையாலோ பிடிக்க வேண்டும். கழுத்தில் இறுகும் கம்பி, இடுக்கி போன்றவற்றைப் பயன்படுத்தக் கூடாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிகளையும், பால் கொடுக்கும் தாய் நாய்களையும் கருத்தடைக்காகப் பிடிப்பதில்லை. பிடித்த தெருவும் நாளும் பதிவேட்டில் எழுதப்பட்டு, நாய்க்கு எண் கொடுக்கப்படுகிறது. இந்தப் பதிவு தவறினால் நாயை அதன் இடத்தில் விட முடியாது.

அறுவை: கால்நடை மருத்துவர் பரிசோதித்து, மயக்க மருந்து கொடுத்து அறுவை செய்கிறார். பெண் நாய்க்கு வயிற்றைத் திறந்து கருப்பையும் சினைப்பையும் அகற்றப்படுகின்றன. ஆண் நாய்க்கு விதைகள் அகற்றப்படுகின்றன. அதே வேளையில் ரேபிஸ் தடுப்பூசி போடப்படுகிறது. தொலைவிலிருந்தே தெரியும்படி காதின் ஓரத்தில் சிறு வெட்டு இடப்படுகிறது.

பராமரிப்பு: அறுவைக்குப் பின் குறைந்தது நான்கு நாள்களாவது நாயை மையத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கூண்டுகளின் எண்ணிக்கையே ஒரு மையம் வாரத்துக்கு எத்தனை அறுவை செய்ய முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது. மருத்துவர் நாளைக்கு முப்பது அறுவை செய்ய வல்லவராக இருந்தாலும், நூறு கூண்டுகளும் நிறைந்திருந்தால் அடுத்த நாயைப் பிடிக்க வழியில்லை.

விடுதல்: குணமடைந்த நாய், பிடித்த அதே இடத்தில் விடப்படுகிறது.

இப்பணியாளர்கள் அன்றாடம் கடிபடும் வாய்ப்பில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கடிக்கு முன்னரே முன்தடுப்பு ஊசி போடப்பட்டிருக்க வேண்டும். ஒருபுறம் “ஏன் பிடிக்க வரவில்லை” என்றும், மறுபுறம் “ஏன் பிடிக்கிறாய்” என்றும் இரு தரப்பாரின் கோபத்தையும் தெருவில் நேரில் எதிர்கொள்பவர்களும் இவர்களே.

ஏன் அதே தெருவில் விடுகிறார்கள்?

பிடித்த நாயை மீண்டும் கொண்டுவந்து விடுவது ஏன் என்பது பொதுமக்கள் அதிகம் கேட்கும் கேள்வி. நாய்கள் எல்லை வகுத்து வாழ்பவை. ஒரு தெருவின் நாய்க்கூட்டம் வெளியிலிருந்து வரும் நாய்களை விரட்டும். கருத்தடை செய்து ஊசி போட்ட நாய் தன் இடத்தில் இருக்கும்வரை, ஊசி போடாத புதிய நாய் அங்கு குடியேறுவது கடினம். பிடித்த நாயை வேறு பகுதியில் விட்டால் அங்குள்ள நாய்களோடு சண்டை மூளும். அறிமுகமில்லாத இடத்தில் மிரண்டு மனிதரைக் கடிக்கவும் கூடும். காலியான பழைய தெருவுக்குப் புதிய நாய் வந்துவிடும்.

கருத்தடையால் நாயின் கடிக்கும் இயல்பு முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. இனப்பெருக்கக் காலச் சண்டைகளும், குட்டிகளைக் காக்கும் தாய் நாயின் சீற்றமும் குறைகின்றன. அச்சத்தால், உணவுப் போட்டியால், துன்புறுத்தலால் ஏற்படும் கடி தொடரலாம். எனவே அறுவை முடிந்த நாய் கடித்துவிட்டது என்பதை மட்டும் வைத்து முறையே தவறு என்றோ, கருத்தடை செய்துவிட்டால் கடியே இருக்காது என்றோ சொல்வது இரண்டும் சரியல்ல.

இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. கருத்தடை ஆயுளுக்கு ஒருமுறை போதும். ரேபிஸ் தடுப்பூசியோ ஆண்டுதோறும் போடப்பட வேண்டும். காதில் உள்ள வெட்டு, அந்த நாய்க்கு என்றோ ஒருநாள் அறுவை நடந்தது என்பதைக் காட்டும். இந்த ஆண்டு ஊசி போடப்பட்டதா என்பதைக் காட்டாது. ஆகவே காது வெட்டுள்ள நாய் கடித்தாலும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எழுபது விழுக்காட்டுக் கணக்கு

கருத்தடைப் பணி வெற்றி பெறுமா என்பது எண்ணிக்கையைவிட விகிதத்தையே சார்ந்தது. இதை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம்.

ஒரு வார்டில் 1,000 நாய்கள், அவற்றில் 500 பெண் நாய்கள் எனக் கொள்வோம். கருத்தடை செய்யாத ஒவ்வொரு பெண் நாயும் ஆண்டுக்கு ஒரு முறை ஐந்து குட்டிகள் ஈனுகிறது. தெருவில் அவற்றுள் ஒன்றே ஓராண்டு தாண்டிப் பிழைக்கிறது. வளர்ந்த நாய்களில் ஆண்டுக்கு 200 நோயாலும் விபத்தாலும் இறக்கின்றன என வைத்துக்கொள்வோம்.

பெண் நாய்களில் 30 விழுக்காட்டுக்குக் கருத்தடை நடந்தால் 350 நாய்கள் குட்டி ஈனும். ஆண்டு இறுதியில் 350 புதிய நாய்கள் சேரும், 200 இறக்கும். வார்டில் நாய்கள் 1,150 ஆகும். 150 அறுவைகளுக்குச் செலவிட்ட பின்னும் மக்கள் கண்ணுக்கு நாய்கள் பெருகியதாகவே தெரியும். 70 விழுக்காட்டுக்குக் கருத்தடை நடந்தால் 150 நாய்களே ஈனும். 150 சேரும், 200 இறக்கும். நாய்கள் 950 ஆகக் குறையும். உண்மையில் பிறப்பு, இறப்பு விகிதங்கள் ஊருக்கு ஊர் மாறும். ஆனால் ஒரு வரம்புக்குக் கீழே செய்யும் பணி வளர்ச்சியைச் சற்றே தாமதப்படுத்தும், வரம்பைத் தாண்டியதும் குறையத் தொடங்கும் என்ற அடிப்படை மாறாது.

இதிலிருந்து இன்னொரு பாடமும் கிடைக்கிறது. ஓர் ஊரில் இத்தகைய பத்து வார்டுகள் இருந்து, ஆண்டுக்கு 700 பெண் நாய்களுக்கு மட்டுமே அறுவை செய்ய வசதி உண்டு என்றால், புகார் வரும் இடங்களுக்கெல்லாம் ஓடி வார்டுக்கு 70 நாய்களைப் பிடித்தால் எந்த வார்டும் 14 விழுக்காட்டைத் தாண்டாது. அதே 700 அறுவைகளை இரண்டு வார்டுகளில் முழுமையாகச் செய்தால் அவ்விரண்டும் 70 விழுக்காட்டை எட்டும்; அடுத்த ஆண்டு அடுத்த வார்டுகளுக்குச் செல்லலாம். செலவு ஒன்றே; விளைவு வேறு.

சென்னையின் அனுபவம் இதற்குச் சான்று. 2018இல் நடந்த கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 57 ஆயிரம் தெருநாய்கள் இருந்தன. 2024இல் நடந்த கணக்கெடுப்பு அந்த எண்ணை சுமார் 1.8 லட்சம் எனக் காட்டியது. கருத்தடை செய்யப்பட்டவை ஏறத்தாழ 27 விழுக்காடே. இந்தியாவில் கருத்தடை முறைக்கு வழிகாட்டிய நகரத்திலேயே, இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பணி நடந்தும், தேவையான விகிதம் எட்டப்படவில்லை. இதையடுத்துக் கூடுதல் மையங்கள் அமைக்கும் பணியும், 2025 ஆகஸ்டில் தெருநாய்களுக்கான பெருந்திரள் தடுப்பூசிப் பணியும் தொடங்கப்பட்டன.

விகிதத்தை எட்டினால் என்ன நடக்கும் என்பதற்குக் கோவா எடுத்துக்காட்டு. அம்மாநில அரசும் ‘மிஷன் ரேபிஸ்’ அமைப்பும் சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கு நெருக்கமான நாய்களுக்குத் தடுப்பூசி போட்டன. கையால் பிடிக்க முடியாத நாய்களை வலை வீசிப் பிடித்து ஊசி போட்டு அங்கேயே விட்டனர். செய்த வேலை கைப்பேசிச் செயலியில் இடவாரியாகப் பதிவானது. பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்புகள் நடந்தன. நாய்களிடையே ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது. 2018 முதல் சில ஆண்டுகள் மனித ரேபிஸ் இறப்பே பதிவாகவில்லை. 2021இல் கோவா ரேபிஸ் கட்டுப்படுத்தப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, நாய்வழி ரேபிஸை 2030க்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை இந்திய அரசு வெளியிட்டது.

குப்பையும் உணவளித்தலும்

தெருநாய்களுக்கு உணவு முக்கியமாக மூன்று வழிகளில் கிடைக்கிறது: திறந்த குப்பை, இறைச்சி மற்றும் மீன் கடைக் கழிவு, மக்கள் இடும் உணவு. முதல் இரண்டும் துப்புரவுப் பிரிவின் பொறுப்பு. குப்பையை நாள்தோறும் அகற்றாத ஊரில் கருத்தடைப் பணி மட்டும் நாய்களைக் குறைக்காது.

உணவிடுவதே அக்கம்பக்கத்தில் அதிகச் சண்டை மூட்டும் செயல். 2023 விதிகள் உணவிடுவதைத் தடை செய்யவில்லை. அதற்கு இடமும் நேரமும் வகுக்கச் சொல்கின்றன. குழந்தைகள் விளையாடும் இடம், படிக்கட்டு, கட்டடத்தின் நுழைவாயில் ஆகியவற்றிலிருந்து விலகிய இடத்தில், ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், சுத்தம் கெடாமல் உணவிட வேண்டும். உணவிடுவோர் நாய்களுக்குப் பழகியவர்கள் என்பதால், பிடிப்பதற்கும் ஆண்டு ஊசிக்கும் அவர்களுடைய உதவி மிகவும் பயன்படும். உணவிட்டும் ஊசிக்கு ஒத்துழைக்காதவர், தாம் காக்க விரும்பும் நாய்க்கே கேடு செய்கிறார்.

வீட்டு நாய்களும் இக்கணக்கில் அடங்கும். வளர்க்க முடியாமல் தெருவில் விடப்படும் நாயும், கருத்தடை இல்லாமல் அவிழ்த்துவிடப்படும் நாயும் தெருநாய்களின் தொகையைக் கூட்டுகின்றன. வளர்ப்பு உரிமம், கழுத்துப்பட்டை, மின்னணுச் சில்லு ஆகியவை நாய்க்கு ஓர் உரிமையாளரை உறுதி செய்வதற்கானவை.

தெருமாடுகள்

மாடுகளின் சிக்கல் வேறு வகையானது. தெருநாய்க்கு உரிமையாளர் இல்லை. தெருமாட்டுக்குப் பெரும்பாலும் உண்டு. நகரத்தில் மேய்ச்சல் நிலம் சுருங்கியதால், பால் கறந்தபின் மாட்டை அவிழ்த்துவிடுவது உரிமையாளருக்குத் தீவனச் செலவைக் குறைக்கிறது. மாடு குப்பையையும் நெகிழிப் பையையும் தின்கிறது, சாலையில் படுக்கிறது, சில வேளை பாதசாரிகளை முட்டுகிறது. சென்னையில் 2023இல் பள்ளிச் சிறுமி ஒருவரை மாடு முட்டித் தாக்கிய நிகழ்வுக்குப் பின், பிடிபடும் மாட்டுக்கான அபராதம் 2,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மீண்டும் பிடிபட்டால் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அபராதம் மட்டும் போதாது, மாடு கட்ட இடமும் வேண்டும் என்பதால் மாநகராட்சி மாட்டுத் தொழுவங்கள் அமைக்கும் முயற்சியிலும் இறங்கியது.

2025ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற ஆணைகள்

தில்லியில் ரேபிஸால் குழந்தை இறந்தது பற்றிய செய்தியை அடுத்து, 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெருநாய்ச் சிக்கலைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. ஆகஸ்ட் 11 அன்று, தில்லி மற்றும் சுற்றுப்பகுதிகளின் தெருநாய்கள் அனைத்தையும் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க இரு நீதிபதிகள் அமர்வு ஆணையிட்டது. பிடித்தவற்றைத் தெருவில் விடக் கூடாது என்றும் கூறியது. இதற்கு ஆதரவும் எதிர்ப்பும் ஒருங்கே எழுந்தன.

ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதை மாற்றியது. கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். ரேபிஸ் உள்ள அல்லது ஐயத்துக்குரிய நாய்களையும் மூர்க்கமான நாய்களையும் விடக் கூடாது. தெருக்களில் கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்றது. வழக்கின் எல்லையையும் நாடு முழுவதற்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டு வளாகங்கள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றின் வளாகங்களிலுள்ள நாய்களை அகற்றிக் காப்பகங்களுக்கு மாற்றவும், அவற்றை அங்கேயே திரும்ப விடாதிருக்கவும் ஆணையிட்டது.

இரு தரப்பு வாதங்களிலும் உண்மை உண்டு. குழந்தையைப் பறிகொடுத்த குடும்பத்துக்கு, 70 விழுக்காடு எட்டும்வரை பொறுத்திருங்கள் என்பது விடையாகாது. மறுபுறம், லட்சக்கணக்கான நாய்களை வாழ்நாள் முழுதும் அடைத்துத் தீவனமிடும் இடமும் பணமும் பணியாளரும் எந்த மாநகராட்சியிடமும் இல்லை. நெரிசலான காப்பகத்தில் நாய்களிடையே நோய் விரைந்து பரவும். ஆபத்தான நாயைத் தாமதமின்றி அகற்றுவதும், ஏனையவற்றுக்கு விகிதம் எட்டும்வரை கருத்தடையும் ஊசியும் தொடர்வதும் ஒன்றுக்கொன்று மாற்றானவை அல்ல. இரண்டையும் ஒரே பிரிவு ஒரே வேளையில் செய்ய வேண்டியுள்ளது.

பணியை மதிப்பிடும் முறை

ஓர் உள்ளாட்சி, இந்த ஆண்டு இத்தனை ஆயிரம் நாய்களுக்கு அறுவை செய்தோம் என்று அறிவிக்கும்போது, அந்த எண் பெரிதாகத் தோன்றினாலும் தனியாக எதையும் சொல்வதில்லை. குடிமக்களும் வார்டு உறுப்பினர்களும் கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

- நம் வார்டில் மொத்தம் எத்தனை நாய்கள்? கடைசியாகக் கணக்கெடுத்தது எந்த ஆண்டு?
- அவற்றில் எத்தனை விழுக்காட்டுக்குக் கருத்தடை முடிந்துள்ளது?
- கடந்த 12 மாதங்களுக்குள் எத்தனை விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போடப்பட்டுள்ளது?
- மையத்தில் எத்தனை கூண்டுகள், எத்தனை மருத்துவர்கள், எத்தனை பிடிக்கும் குழுக்கள் உள்ளன?
- அரசு மருத்துவமனைக்கு வரும் நாய்க்கடி விவரம், தெருப் பெயருடன் மாநகராட்சிக்கு வந்து சேர்கிறதா?

கடைசிக் கேள்வி சிறியதாகத் தோன்றினாலும் முக்கியமானது. கடிபட்டவருக்கு ஊசி போடும் மருத்துவமனையும் நாயைப் பிடிக்கும் பிரிவும் வெவ்வேறு துறைகள். ஒரே தெருவிலிருந்து ஒரே வாரத்தில் நான்கு பேர் கடிபட்டு வந்தால், அந்தச் செய்தி அன்றே நாய் பிடிக்கும் குழுவுக்கு எட்ட வேண்டும். எட்டினால் ஐந்தாவது ஆள் கடிபடுவதைத் தடுக்கலாம்.